இடது காதுக்கு ஒரு தோடு

என் காதைக் குத்தச் சொன்னவள் அம்மா. தைத்து மூடச் சொன்னவர் அப்பா. இரண்டு தடவையும் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே இறந்துபோயின. மூன்றாவதாக நான் பிறந்ததும், இது தங்கினால் காது குத்தி வளையம் போடுகிறேன் என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் தங்கிவிட்டேன். கனமான வளையங்கள் போட்டார்கள். கொழும்புக்கு வந்து பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அவற்றைக் கழற்றினார்கள். ஆனால் ஓட்டைகள் இழுபட்டு, ஒரு தீக்குச்சி தாராளமாக நுழையும் அளவுக்கு அப்படியே நின்றன.

அப்பாவின் காதிலும் ஓட்டைகள் உண்டு. அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தன்று வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்கு வரும் வழியில் ஒரு பாலத்தடியில் கூட்டம் மறித்து, தமிழனா என்று ஒவ்வொருவன் காதையும் இழுத்துப் பார்த்ததாம். அப்பா துவாயைத் தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, பல்வலிக்காரனைப் போல முனகி, துறைமுகத்துச் சிங்களத்தில் இரண்டு கெட்ட வார்த்தை சொல்லி அந்தப் பக்கம் போய்விட்டார். துவாய் கட்டிய கதையை மட்டும்தான் அவர் சொல்லுவார். தனக்குப் பின்னால் வந்தவனைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். சோதனை பாஸ் பண்ணி, கொட்டாஞ்சேனையில் ஒரு கிளியரிங் கம்பனியில் வார்ஃப் கிளார்க் வேலையும் கிடைத்தது. கப்பலில் வந்த சாமான்களைத் துறைமுகத்துக்குள் போய்ப் பார்த்து, கையெழுத்துகள் வாங்கி, லொறியில் ஏற்றி வெளியே கொண்டுவர வேண்டும். அப்பா முதுகில் மூட்டையோடு போய்வரும் இடத்துக்குள் நான் சட்டைப் பையில் பேனையோடு போகப் போகிறேன். அவ்வளவு படிப்பும் இதற்காகத்தான் என்று எனக்கு ஒரு நிச்சயம் இருந்தது.

"பேனா புடிக்கிற வேலைக்குப் போறே. காதுல எதுக்குடா ஓட்ட?" என்றார் அப்பா. "தச்சிரு."

"உங்களுக்கும்தானே இருக்கு?"

"கெழவன் காத எவன் பாக்கப் போறான்? ஒன்னயத்தான் பாப்பானுங்க."

எங்கள் தெருவிலேயே ஒரு டொக்டர் இருந்தார். கட்டி கீறுவது முதல் பல் பிடுங்குவது வரை எல்லாவற்றையும் ஒரே மேசையில் செய்வார். "பட்டன் தைக்கிற வேலதான்" என்று சொல்லி இரண்டு காதையும் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார். வலது காது ஒருமாதிரி ஒட்டிக்கொண்டது. காதுச் சோணை மட்டும் கன்னத்தை நோக்கிச் சற்றுச் சுருங்கி, யாரோ கிள்ளிவிட்டுக் கையை எடுக்காததுபோல இருந்தது. இடது காதுதான் அடங்கவில்லை. முதலில் அரிப்பு. பிறகு தையல் போட்ட இடம் சிவந்து தடித்தது. தடித்தது உருண்டது. சில மாதங்களில் சோணையின் பின்னால் ஒரு சின்ன நெல்லிக்காய் தொங்கியது. திரும்பப் போய்க் காட்டினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஒன் தோல் அப்படி. நா என்ன செய்ய?" என்றவர், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

துறைமுகப் பாஸ் வரவே அவ்வளவு மாதம் பிடித்தது; அந்தக் காதோடுதான் நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன். முதல் நாள் காலை, வீட்டை விட்டு இறங்குமுன் அப்பா ஒன்று சொன்னார்.

"கேட்டு வாசல்ல நான் ஒனக்கு யாரும் இல்ல. நீ எனக்கு யாரும் இல்ல. வெளங்குச்சா? ஒருத்தன மறிச்சா மத்தவன் போயிக்கிட்டே இருக்கணும். ரெண்டு பேரும் மாட்டுனா சோறு யாரு போடுவா?"

யுத்த காலம், துறைமுகத்தில் அப்போது காவல் மிகக் கடுமை. வாசலில் இரண்டு வரிசைகள்: ஒன்று பாஸ் வைத்திருக்கும் கிளார்க்மாருக்கு, மற்றது கூலிக்காரர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு. அப்பா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரே குடிசையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த இரண்டு பேர், கயிற்றின் இரு பக்கமும் அந்நியர்களாக நிற்போம்.

காலை வேளையில் பெரும்பாலும் ஒரே காவலாளிதான் என் வரிசையில் நிற்பான். என் வயதுதான் இருக்கும். முதல் நாளே அவன் அடையாள அட்டையைப் பார்த்தான், பாஸைப் பார்த்தான், பிறகு காதைப் பார்த்தான். இரண்டு விரலால் அந்த உருண்டையைப் பிடித்தான்.

"மே மொகத?"

இது என்ன என்று கேட்கிறான். ஒப்பரேஷன் என்றேன். எதற்கு ஒப்பரேஷன் என்றான். காதில் இருந்த ஓட்டையை மூடினோம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான், துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவனிடம் 'ஓட்டையை மூடினோம்' என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான் என்பது உறைத்தது.

"வெடியா? ஷெல் துண்டா?"

என்னை ஓரமாக நிறுத்தினான். சட்டையைக் கழற்றச் சொன்னான். நான் புலியோ என்று, வேறு தழும்பு தேடி முதுகு, தொடை, முழங்கால் எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் விட்டார்கள். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. அவனுக்கு என்னை நன்றாகத் தெரியும். நான் எங்கே வேலை செய்கிறேன், எந்த லொறிக்காக வருகிறேன் என்பதெல்லாம் தெரியும். ஆனாலும் விடியற்காலையில் வந்து நிற்கிறவனுக்கு ஒரு விளையாட்டு வேண்டும்தானே. பிடித்து, அமத்தி, நான் முகம் சுளிக்கிறேனா என்று பார்ப்பான். அப்பா கயிற்றுக்கு அந்தப் பக்கமாக, நிலத்தைப் பார்த்தபடி கடந்து போவார்.

கம்பனிக் கந்தோரில் என்னோடு இன்னொரு கிளார்க் இருந்தான், யாழ்ப்பாணத்துப் பொடியன். கனடாவுக்குப் போகக் காத்துக்கொண்டிருந்தவன். எனக்கு 'நெல்லி' என்று பெயர் வைத்தவன் அவன்தான்.

"நெல்லி, நான் ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது."

"கேளுங்க."

"காதில ஓட்டை இருந்தா தமிழன் எண்டு பிடிச்சுப் போடுவாங்கள் எண்டுதானே தைச்சனீ?"

"அப்பா சொன்னாரு."

"சரி, கொப்பர் படிக்காதவர். நீ படிச்சனீதானே? ஐடென்டிட்டி கார்டில உன்ர பேர் தமிழில கிடக்கு. அதை என்னண்டு தைக்கப் போறாய்?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். டைப் அடிக்கும் அக்காகூட வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்து வைத்தேன். அன்று பின்னேரம் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஓட்டை இருந்த காலத்தில் அது என்னைத் தமிழன் என்று மட்டும்தான் சொன்னது. அதைத்தான் அட்டையும் சொன்னது. மூடிய பிறகு அந்த இடம் அட்டையில் இல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

முதலாளி பகிடி விடுகிறவர் அல்ல. ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, உம்மட காதாலை எனக்கு ஒவ்வொரு நாளும் லொறி பிந்துது. உம்மில பிழை இல்லை எண்டு தெரியும். ஆனா சாமான்காரருக்கு நான் காதைப் பற்றிச் சொல்ல ஏலாது. நல்ல டொக்டரிட்டைக் காட்டி அதைத் திருத்தும். இல்லாட்டி ஸ்டோருக்குள்ள இரும். பாஸை வேற ஆருக்கும் குடுப்பம்."

ஸ்டோர் என்பது பின்பக்கத்து இருட்டுக் கொட்டில். அங்கே பேனை தேவையில்லை, பொதிகளில் அடையாளம் போடும் பிரஷ்தான். அங்கே இருந்த இரண்டு பேருமே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். என் படிப்பு நேராக அங்கே போய் விழப் போகிறது என்று நினைத்தபோது, காதை வேரோடு அறுத்து எறிந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

வெள்ளவத்தையில் காலி வீதியோடு ஒட்டிய ஒரு தனியார் கிளினிக்கில் சனிக்கிழமைகளில் ஒரு பெரிய டொக்டர் இருப்பார் என்றார்கள். முகத்தில் தீக்காயம் பட்டவர்களுக்கெல்லாம் தோல் வைத்துச் சரியாக்குகிறவர். நல்ல சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் விளக்கை இழுத்து என் இரண்டு காதையும் பார்த்தார்.

"என்னத்துக்கு முதல் இதைத் தைச்சனீர்?"

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "அழகுக்கு" என்றேன்.

"அழகுக்கோ?" அவர் விளக்கைத் தள்ளிவிட்டு என்னைச் செருப்பிலிருந்து தலைமயிர் வரை நிதானமாகப் பார்த்தார். "அப்ப காதில ஏன் தொடங்கினனீர்?"

பின்னால் நின்ற நேர்ஸ் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டாள்.

"எவடம் உமக்கு?"

"கொட்டாஞ்சேனை, சேர்."

"அது இருக்கிற இடம். சொந்த ஊர்?"

"அப்பா அம்மா பதுளைப் பக்கம். தோட்டம்."

"ஆ."

அந்த ஓர் 'ஆ'வுக்குப் பிறகு நான் அவருக்கு 'நீர்' இல்லை, 'நீ' ஆகிவிட்டேன். ஆனால் வேலையில் அவர் குறை வைக்கவில்லை. இதற்குப் பெயர் கீலொயிட் என்றார். காயம் ஆறிய பிறகும் தோல் நிறுத்தத் தெரியாமல் வளர்ந்துகொண்டே போவதாம்.

"வெட்டலாம். வெட்டினா திரும்ப வளரும். சில வேளை இதிலும் பெரிசா. வளராமல் இருக்க ஊசி போட வேணும். பிறகு அந்த இடத்தை இரவும் பகலும் அமத்தி வைச்சிருக்க வேணும்."

"எதால சேர் அமத்துறது?"

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே தோடுகள். திருகு வைத்தவை அல்ல, சோணையின் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கிளிப் தோடுகள். ஒன்றில் வெள்ளைக் கல். ஒன்று பூப்போல. ஒன்று வெறும் பொன்னிறப் பொத்தான்.

"இது பொம்பளைங்க தோடு சேர்."

"ஓம். ஆம்பிளையளுக்கு எண்டு இது வாறேல்லை. குறைஞ்சது ஆறு மாசம் போட வேணும். குளிக்கேக்க மட்டும் கழட்டலாம்."

காதில் ஒன்றும் இல்லாமல் இருப்பதற்காக மூடிய காது. அதைத் திருத்த வேண்டுமானால் அதே காதில் அரை வருஷம் தோடு போட வேண்டும்.

"நிறையப் பேர் வெட்டுவிச்சுப்போட்டு இதைக் கழட்டி எறிஞ்சிடுவினம். பிறகு என்ர வேலை பிழை எண்டு கதைப்பினம். அதாலை நான் ஒரு சோதினை வைக்கிறனான். இதை இப்பவே ஒரு கிழமை போட்டுக்கொண்டு திரி. உன்ர வேலைக்கு, பஸ்ஸுக்கு, எல்லாத்துக்கும். போட ஏலுமெண்டா வா, வெட்டுவன். ஏலாட்டி, தோட்டைத் தந்துபோட்டுப் போ."

பொன்னிறப் பொத்தானைக் காட்டினேன். அவரே நெல்லிக்காயின் மேல் அதை மாட்டிவிட்டார். நண்டு கடித்ததுபோல இருந்தது.

வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை எனக்குத் தாங்க முடியவில்லை.

"இப்பத்தான்டா பெத்த புள்ள மாதிரி இருக்கே. ஒத்தக் காதுலதான் போடுவாங்களா? மத்ததுக்கும் ஒண்ணு கேட்டிருக்கலாம்ல?"

"தச்சு மூடுன சொவத்துல ஆணியடிச்சிக்கிட்டு வந்திருக்கான்" என்றார் அப்பா.

"நீங்க பேசாதீங்க. நல்லா இருந்த காதக் கெடுத்தது யாரு?"

"ஆமா, நீ குத்தாம இருந்திருந்தா நா ஏன் கெடுக்கப் போறேன்?"

இரண்டு பேரும் என் காதுக்கு மேலாகச் சண்டை பிடித்தார்கள். ஒருவர்கூட வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை வாசலில் என் முறை வந்தது. காவலாளி வழக்கம்போலக் கையை நீட்டினான். பாதியில் நின்றான். குனிந்து பார்த்தான்.

"கராபுவக்!"

தோடு என்று அவன் கத்திய கத்தலில் காவல் கூண்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "நோனா! வாங்க நோனா!" சீமாட்டியாம். இன்னொருவன் வெள்ளைக்காரத் துரைசானிக்குக் கார்க் கதவைத் திறப்பதுபோலத் தடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். எனக்குப் பின்னால் நின்ற கிளார்க்மார் சிரித்தார்கள். கயிற்றுக்கு அப்பால் கூலிக்காரர்கள் சிரித்தார்கள். யாரும் என் அட்டையைக் கேட்கவில்லை. பையைத் திறக்கச் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. அந்த வாசலை நான் அவ்வளவு சுலபமாகக் கடந்தது அன்றுதான்.

கடக்கும்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் சிரித்தால் மூக்கால் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அங்கே வாயை அகலத் திறந்து, வெற்றிலைக் காவி படிந்த கடைவாய்ப் பல் தெரிய, பக்கத்தில் நின்றவனின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். கண் என்மேல்தான் இருந்தது.

கந்தோரில் முதலாளி வெளியே வந்து பார்த்தார்.

"இண்டைக்கு லொறி வேளைக்கு வந்திட்டுது. என்ன செய்தனீர்?"

"சேர், நெல்லியை இனி மிஸ் எண்டு கூப்பிடுவமோ?" என்றான் யாழ்ப்பாணத்துப் பொடியன்.

"மிஸ்ஸோ மிஸிஸோ, சாமான் வந்தாச் சரி. தம்பி, உதைக் கழட்டாதையும்."

"இது பழகிப் பார்க்கத்தான் சேர். ஒப்பரேஷனுக்கு முதல்…"

"ஒப்பரேஷன் என்னத்துக்கு? இதுவே காணும்."

அந்தக் கிழமை முழுவதும் லொறி பிந்தவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் தொப்பி கழன்றது, தடை உயர்ந்தது. ஒருநாள் ஒரு செவ்வரத்தம் பூவைப் பறித்து வைத்திருந்து என் காதில் செருகினார்கள். ஒருநாள் என்னை நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்து காட்டினேன். ஒவ்வொரு நாளும் அப்பா சிரித்தார்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்துப் பார்ப்பேன். வெட்டினால், ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருவேளை சுத்தமான ஒரு காது. வெட்டாமல் தோட்டை மட்டும் வைத்துக்கொண்டால், பாஸ் என் கையில், நெல்லிக்காயும் என் காதில், நோனாவும் நானே. எதைச் செய்தாலும் அந்த வாசலைத் தோடு போட்டுத்தான் கடக்க வேண்டும். ஆறு மாதத்தைத் தாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் தாங்கிப் படித்தவன்தானே நான்.

வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம், சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"இத எத்தன மாசம் போடணும்னாரு டாக்டரு?"

"ஆறு மாசம். கொறஞ்சது."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பிசைந்தார்.

"அப்ப ஆறு மாசமும் நா சிரிக்கணுமா?"

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவளுக்கு வாசலில் நடப்பது எதுவும் தெரியாது.

"நீங்க ஏன்பா சிரிக்கிறீங்க?" என்றேன்.

"எல்லாரும் சிரிக்கறப்ப ஒருத்தன் மட்டும் சிரிக்காம நின்னா, அவன் மூஞ்சியத்தான் பாப்பானுங்க. இவன் யாரு, அவனுக்கு என்ன ஒறவுன்னு கேப்பானுங்க. ஒனக்கு இது புதுசு. எனக்குப் புதுசில்ல."

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். அப்பா மட்டும் சாப்பிட்டு முடித்து, கோப்பையை வழித்து, எழுந்து போனார்.

சனிக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனேன். கிளினிக் படியிலேயே தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"என்ன, போட ஏலுமோ?" என்றார் பெரிய டொக்டர்.

"ஏலும் சேர். ஆனா வெட்ட வேண்டாம்."

"எனக்குத் தெரியும். உங்கட தோட்டத்து ஆக்களுக்குப் பொறுமை காணாது."

நேர்ஸ் தோட்டை ஸ்பிரிட் கிண்ணத்தில் போட்டாள். அது அடியில் போய்க் கிடந்தது. டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை வெறும் காதோடு வாசலுக்குப் போனேன். காவலாளி தொப்பியில் கையை வைத்தவன், காதைப் பார்த்ததும் கையை இறக்கினான். அவன் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, ஏமாற்றம். விளையாட்டுச் சாமானைப் பறிகொடுத்த பிள்ளையின் முகம். உருண்டையை விரலால் பிடித்தான். விடவில்லை. என்னை வெயிலில் நிறுத்தி, மற்றவர்கள் எல்லாரையும் அனுப்பி முடித்த பிறகுதான் உள்ளே விட்டான். லொறி மத்தியானத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தது.

முதலாளி கத்தவில்லை. கையை நீட்டினார். பாஸைக் கொடுத்தேன். அது யாழ்ப்பாணத்துப் பொடியனுக்குப் போனது.

"கவலைப்படாதை நெல்லி" என்றான் அவன். "ஸ்டோர் இருட்டு. அங்கை ஒருத்தரும் காதைப் பாக்க மாட்டினம்."

நான் பிரஷ் பிடித்துப் பொதிகளில் அடையாளம் போடத் தொடங்கினேன். துறைமுக வாசலுக்கு அப்பா மட்டும் போய்வந்தார். சில நாள் கழித்து, அவர் வேலையால் வந்து, பைப்படியில் முதுகைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

"இன்னிக்கும் கேட்டான்" என்றார், திரும்பாமலே. "கோ நோனா, நோனா எங்கேன்னு. எல்லாரும் சிரிச்சானுங்க."

"நீங்க?"

தண்ணீரை முகத்தில் அடித்துக் கழுவினார். துவாயை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"நானுந்தான்" என்றார்.